டொக்டரின் பச்சைக் காரும் நான் குழைத்த மண்ணும்

காரின் புகைச் சத்தத்தை அடக்குகிற சைலன்சர் என்ற சாமானை நான் முதன்முதல் கையில் தூக்கியபோது அது செத்த ஆமையைப்போல் கனத்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது.

"உள்ளுக்கை இருக்கிற தகடெல்லாம் உக்கிக் கொட்டுண்டு போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தார்.

அவர் மெக்கானிக். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி எடுத்த குடும்பம் எங்களுடையது. வயல் பாதி, திருத்த வேலை பாதி என்று சீவியம் போனது. வீட்டோடு ஒட்டி ஒரு கிடுகுக் கொட்டில் இருந்தது. அதற்குள் உழவு இயந்திரங்களும் தண்ணீர்ப் பம்புகளும் வந்து போகும். அவர் கழற்றித் தருவதை வாங்கி வரிசை பிசகாமல் சாக்கில் அடுக்கி வைப்பது என் வேலை. வெளி ஆட்கள் வந்தால் அடுப்பு எரிகிற குசினிக்குள் போய்விடுவேன். நான் அதிகம் கதைக்காதவள். வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டால்கூட செம்பைக் கதவு நிலையில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அந்தக் கார் எங்கள் கொட்டிலுக்கு வந்தது அறுபதுகளில். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த இளம் டொக்டருடையது. மலைநாட்டுத் தோட்டத்தை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கினாராம். இரண்டு பேர்தான் இருக்கலாம். கடும் பச்சை நிறம். சில்லுகளில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பிகள். கூரை கன்வஸ் துணி. வெயில் காலத்தில் பின்னால் மடித்துவிடலாம். மழைக்கு இழுத்து மூடி, இரு பக்கமும் கண்ணாடிபோன்ற மறைப்புகளைப் பொத்தான் போட்டுப் பூட்டவேண்டும். கால் வைக்கும் இடம் இரும்பல்ல, பலகை. அந்தப் பலகைக்குக் கீழேதான் புகைக்குழாய் ஓடியது. கார் நிலத்தோடு ஒட்டினதுபோல் அவ்வளவு பதிவு. எங்கள் வீட்டுச் சேவல் அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டுதான் போகும்.

நல்ல தார் றோட்டுக்குச் செய்த கார். எங்கள் வன்னி மண் பாதையில் அது எத்தனை நாள் தாங்கும்? குளக்கட்டுப் பாதையில் ஒரு மதகுக் கல்லில் அடித்து, புகைக்குழாயும் சைலன்சரும் பொருந்துகிற இடம் வெடித்துவிட்டது. அன்று கார் வந்த சத்தத்துக்கு எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்காரர் வெடித்த இடத்தை விளக்கால் உருக்கிப் பற்றவைத்தார். ஒரு பக்கம் பிடித்தது, மற்றப் பக்கம் இரும்பு உக்கிப்போயிருந்ததால் பிடிக்கவில்லை. விரல் நுழையும் ஒரு வெடிப்பு மிஞ்சியது.

"புதுச் சாமான் வரும்வரைக்கும் இதை என்னெண்டு அடைக்கிறது?" என்று தனக்குத் தானே கேட்டார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"அடுப்பு வெடிச்சால் நான் புற்றுமண்ணிலை சாம்பலும் முட்டை வெள்ளையும் போட்டுக் குழைச்சுப் பூசுறனான். ஒரு மாரிக்கு நிக்கும்."

அவர் காருக்குக் கீழே கிடந்தபடியே சிரித்தார். "காருக்கு அடுப்பு மெழுகச் சொல்லுறாய்." பிறகு சிரிப்பு நின்றது. "அதுவும் நெருப்புத்தானே. கொண்டு வா பாப்பம்."

குழைத்தேன். குழாய்க்கும் பலகைக்கும் இடையில் கையை விட்டுப் பூச அவருடைய தடித்த விரல்களால் முடியவில்லை. நானே குனிந்து கையை விட்டுப் பூசினேன். மூன்று பூச்சுப் பூசி, எஞ்சினை ஓடவிட்டுக் காயவைத்தோம். சத்தம் நின்றது. டொக்டர் வந்து காரை எடுத்துக்கொண்டு போகும்போது, "நல்ல வேலை" என்று சொன்னது குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. அன்று முழுவதும் எனக்குச் சந்தோசம். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சத்தம் நின்றால் காருக்கு வந்த வருத்தமும் நின்றது என்று நாங்கள் இருவரும் நம்பிவிட்டோம். அடுப்பில் மண் பூசினால் புகை வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். காருக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

மூன்று கிழமை கழித்து மாரி பிடித்தது. ஒரு காலை டொக்டர் கார் இல்லாமல், மழைக்கோட்டுடன், எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

முதல் நாள் பின்னேரம் அவரும் மனைவியும் பரந்தன் பக்கம் போய் வந்திருக்கிறார்கள். அவவுக்கு அப்போது ஏழு மாதம், முதற்பிள்ளை. மழை என்பதால் கூரையை மூடி எல்லாப் பொத்தானும் போட்டிருக்கிறார்கள். வழியில் அவ தலையிடிக்கிறது என்றாவாம், பிறகு நித்திரை வருகிறது என்றாவாம். கர்ப்பிணிதானே, களைப்பு என்று இவரும் விட்டுவிட்டார். கொஞ்சத் தூரத்தில் இவருக்கே கண் மங்கி, கார் மதகுச் சுவரில் உரசியபிறகுதான் உறைத்திருக்கிறது. காரைத் திறந்து அவவை இழுத்து மழைக்குள் இருத்தினாராம். உதடு செக்கச்செவேல் என்று இருந்ததாம். கனநேரம் கழித்துத்தான் கண் திறந்தாவாம்.

"புகை" என்றார் டொக்டர். "இந்தப் புகையிலை மோசமானதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆள் நித்திரையாகிக் கிடக்கிறமாதிரித்தான் தெரியும். உதடு சிவக்கிறதும் அதாலைதான்."

"அம்மா இப்ப எப்பிடி, ஐயா?" என் வீட்டுக்காரரின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அவ எழும்பீட்டா. பிள்ளைதான். சின்ன உயிரைத்தான் இது முதல் பிடிக்கும். பிள்ளை துடிக்குது, அது வரைக்கும் சரி. மிச்சம் பிறந்தாப் பிறகுதான் தெரியும்."

கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மர வாங்கிலில் வைத்தார். செங்கல்போல் சுட்டுச் சிவந்த மண் கட்டி. இரண்டாக வெடித்திருந்தது. என் விரல்களின் தடம் நான்கும் அதில் அப்படியே பதிந்திருந்தது.

"இதை ஆர் வைச்சது?"

"நான்தான், ஐயா" என்றார் வீட்டுக்காரர்.

டொக்டர் அந்த மண்ணைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் தடித்த விரல்களைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் என் விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். டொக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகும்போது சொன்னார்: "தை மாதம் அவவை யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும். தாய்வீடு அங்கை. மாற்று டொக்டர் வந்தாப் பிறகுதான் எனக்கு வெளிக்கிட ஏலும், அவ தனியப் போகமாட்டன் எண்டு நிக்கிறா. கடைசி நேரத்திலை றெயிலைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. உந்தக் கார்தான் போகவேணும். சரியான சாமான் பூட்டித் தாரும்."

வேறு கார் பிடிக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்போது நின்ற இரண்டு வாடகைக் கார்களின் அடியிலும் என் வீட்டுக்காரரின் கைவேலைதான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வயது மகள் பகலில் கண்ணயர்ந்தால் மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பேன். பார்த்திராத அந்த வயிற்றுப் பிள்ளை என் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போய் வந்த பெண்களிடம், டொக்டரின் மனைவியைக் கண்டீர்களா, எப்படி இருக்கிறா என்று கேட்க நினைப்பேன். வாய் வராது.

கொழும்புக்கு எழுதிப் பார்த்தார்கள். வெளிநாட்டுச் சாமான் இறக்குவது நின்றுவிட்ட காலம். இல்லை என்று மறுமொழி வந்தது. வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் கார் ஒன்றை உடைத்த சாமான்கள் வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள்.

"நீயும் வா" என்றார் வீட்டுக்காரர்.

"நானோ? கடைக்கோ?"

"எனக்கு மணம் தெரியாதெல்லே."

உண்மைதான். சின்ன வயதில் வந்த நெருப்புக்காய்ச்சல் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. கருவாடு கருகினாலும் அவருக்குத் தெரியாது. அந்தக் கெட்ட புகைக்கு மணம் இல்லாவிட்டாலும் அதோடு சேர்ந்து வருகிற எண்ணெய்ப் புகைக்கு மணம் உண்டு. அதையாவது பிடிக்க ஒரு மூக்கு வேண்டும். மகளைப் பக்கத்து வளவு அக்காவிடம் விட்டுவிட்டுக் காலை றெயிலில் ஏறினோம். பழைய சைலன்சர் சாக்கில் என் காலடியில் இருந்தது. மாங்குளம் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், என்ன செய்தவள் என்று எல்லாருக்கும் தெரியும் என்று தோன்றியது.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் அகலப் பட்டி. என் வீட்டுக்காரர் அவரை, முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நானா என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க வாங்க, கிளிநொச்சி! என்ன, இண்டைக்குக் குடும்பத்தோட பழைய இரும்பு பாக்க வந்திருக்கிறீங்க?"

"இவவின்ரை மூக்கு தேவைப்படுது, நானா. என்ரை மூக்கு சும்மா கண்ணாடி கொழுவத்தான்."

"மூக்கா? நான் இரும்பு விக்கிறன் தம்பி, கருவாடு விக்கேல்லயே!"

கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு லொறிக்காரர் சிரித்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

நானா உள்ளே போய் ஒரு சைலன்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தது. "அதே கார். பள்ளத்தில விழுந்து உடைஞ்சது. முன்பக்கம்தான் சப்பையாப் போனது, பின்னால ஒரு கீறல் இல்ல. இலங்கை முழுக்கத் தேடினாலும் இதுக்குச் சோடி கிடைக்காது."

வீட்டுக்காரர் சாக்கிலிருந்த பழசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீளம் சரி, வாய் சரி, பூட்டுகிற காதுகள் சரி. ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைகள்போல் இருந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கன நாளைக்குப் பிறகு அந்த முகத்தை அப்படிக் கண்டேன்.

"மணந்து பார்" என்றார்.

மணந்தேன். பெயின்ற் மணம்தான் வந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போனேன். டங், டங் என்று வந்தது. பொருத்துக்குக் கிட்ட வந்ததும் டொக் என்றது. திரும்பத் தட்டினேன். டொக். சூளையில் வேகாத பச்சைப் பானையின் சத்தம்.

அவருடைய சேட்டின் கையைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.

"என்னப்பா?"

தலையை ஆட்டினேன்.

"வேண்டாமெண்டோ? ஏன்?"

அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நாக்கு எழவில்லை. அவர் நானாவின் பக்கம் திரும்பி, கட்டித் தரச் சொல்லிவிட்டார். நானா சணல் கயிற்றை எடுத்தார். அந்தக் கயிறு ஒரு சுற்றுச் சுற்றியதும் எனக்கு அந்தப் பெண்ணின் சிவந்த உதடு நினைவுக்கு வந்தது. கண்ணால் காணாத உதடு.

"அதுக்குள்ளை மண் கிடக்கு" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நானா கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"மண்ணா? தங்கச்சி, இது சைலன்சர். புட்டுக்குழல் இல்ல."

"தெரியும். நானும் இப்பிடித்தான் ஒண்டு செய்தனான். வெடிச்ச இடத்திலை மண் வைச்சுப் பூசி... அதாலை ஒரு பிள்ளைத்தாய்ச்சி..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். தான் செய்ததாக அவர் சொன்ன பொய் அந்தக் கடையில் உடைந்துபோனது.

"அப்ப நான் கள்ளச் சாமான் விக்கிறன் எண்டா சொல்லுறீங்க?" நானாவுக்குக் கோபம். ஆனாலும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்: "இஞ்ச, சாம்பிராணிச் சட்டிய நெருப்போட கொண்டுவாங்க!"

அவருடைய மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டு புகைகிற சட்டியோடு வாசலுக்கு வந்தா. சைலன்சரின் ஒரு வாயை ஈரச் சாக்கால் அடைத்தார்கள். மற்ற வாயைச் சட்டிக்கு மேலே பிடித்து நானா விசிறினார். பார்த்துக்கொண்டு நின்றோம். பொருத்தடியில் ஒரு நூல் புகைகூட வரவில்லை.

"சரியாப் போச்சு!" என்றார் லொறிக்காரர். "அண்ணை, அடுத்தமுறை வீட்டுக்காரியைப் பானைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நிலம் பிளந்து என்னை வாங்காதா என்று இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. என்னுடைய மண்ணும் முதல் நாள் புகையை விடவில்லைத்தானே?

"சூடாக்கிப்போட்டு ஒரு தட்டுத் தட்டுங்கோ" என்றேன்.

"தட்டி உடைஞ்சா நீங்கதான் எடுக்கவேணும்" என்றார் நானா.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த அழகான சோடிச் சாமான் அவர் கண் முன்னால் கிடந்தது. என் கையில் இருந்தது ஒரு டொக் சத்தம் மட்டும்.

"தட்டுங்கோ, நானா" என்றார்.

பற்றவைக்கிற விளக்கால் பொருத்தடியைச் சூடாக்கினார்கள். வெள்ளிப் பெயின்ற் கறுத்துக் கொப்புளித்தது. நானா சுத்தியலை எடுத்து, இருமல் வருத்தக்காரனின் முதுகில் தட்டுவதுபோல் மெல்லத்தான் தட்டினார். இரண்டாவது தட்டில் ஒரு துண்டு விழுந்தது. சுட்ட மண். அந்த ஓட்டையால் சாம்பிராணிப் புகை நேராக எழும்பி நானாவின் தாடிக்குள் போனது.

லொறிக்காரர் தேத்தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு எழும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"அல்லாவே" என்றார் நானா. "வித்தவன் என்னையும் ஏமாத்திப்போட்டான்." அந்த மண்ணைக் கடைக்கு வெளியே எறிந்தார். பிறகு உள்ளே போய்க் கறுப்பாக, முட்டை வடிவில், குள்ளமான ஒரு சைலன்சரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். வீட்டுக்காரரிடம் கொடுக்கவில்லை.

"இது வேற காரிட சாமான். வடிவில்ல. என்ர சொந்தக் காருக்குப் பூட்டவெண்டு எடுத்து வைச்சது. தட்டிப் பாருங்க, தங்கச்சி."

தலை முதல் வால்வரை தட்டினேன். எங்கும் ஒரே சத்தம். புகை ஊதினோம். ஒரு வாயால் போனது மற்ற வாயால் வந்தது. மணந்தேன். பழைய எண்ணெய்க் கரி மணம் தவிர வேறில்லை.

ஆனால் வாய் சின்னது. வீட்டுக்காரர் ஈர்க்கை ஒடித்து இரண்டு வாயையும் அளந்தார். இடையில் கொடுக்க ஒரு குழாய்த் துண்டு வேண்டும். நீர்ப் பம்புக் குழாய்களுக்குள் தேடிச் சரியான தடிப்பில் ஒன்றைப் பிடித்தார். எஞ்சினோடு பொருந்துகிற இடத்துக்குச் செப்புத் தகடு போர்த்த வளையம் ஒன்று தேவை. பெட்டி நிறையக் கிடந்ததில் கீறல் இல்லாததை நான் பொறுக்கினேன். இறுக்குகிற பட்டிகள் எடுத்தோம். கடைசியாக, புகை வெளியே போகிற வாற்குழாய். அவர் எடுத்தது நீளம் காணாது, கட்டை என்றேன். பழையது பின் சில்லுக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. புகை காருக்குக் கீழேயே சுற்றியிருக்கும். காருக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிற்கட்டும் என்றேன்.

"குரங்கு வால் மாதிரி இருக்குமப்பா."

"இருக்கட்டும்."

அன்று நான் கதைத்த அளவு என் கலியாணத்துக்குப் பிறகு கதைத்திருக்கமாட்டேன் என்று அவர் றெயிலில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமான் சரி, பூட்டுவது சரியாக வரவேண்டுமே என்று சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் எடுத்துப் பூட்டினார். பலகைகளின் இடைவெளியெல்லாம் தகரம் அடித்தார். இனிச் சோதிக்கவேண்டும். கூரையை மூடி, பொத்தானெல்லாம் போட்டு, உள்ளே இருந்து ஓடிப் பார்க்கவேண்டும். மணம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். மகளை மறுபடியும் அக்காவிடம் விட்டேன். அரிசி எங்கே இருக்கிறது, மகளின் காற்சங்கிலி எந்தப் பெட்டியில் என்று அவவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவ, "என்னடி, கதிர்காம யாத்திரை போறியளோ?" என்று கேட்டா.

சின்ன உயிரை முதல் பிடிக்கும் என்று டொக்டர் சொன்னது என் காதில் நின்றது. ஆகவே ஒரு கோழிக்குஞ்சைப் பனையோலைப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதென்னப்பா?"

"எனக்கு முதல் இதுக்குத் தெரியும்."

அவர் காரை எடுத்தார். பூநகரி றோட்டில் விட்டார். மழை தூறியது. மூடிய கூரைக்குள் ஈரத்துணி மணமும் தோல் இருக்கையின் மணமும்தான். நான் மூச்சை இழுத்து இழுத்து மணந்தேன். தலை இடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தலை இடித்தது. அது பயத்தாலா, புகையாலா என்று தெரியவில்லை. மடியில் குஞ்சு கத்திக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன்.

திடீரென்று சத்தம் நின்றது.

பெட்டியைப் பார்த்தேன், மூடி சரிந்திருந்தது. குஞ்சு இல்லை.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வாய்க்காலுக்குள் விடப் பார்த்தார். இருவரும் இறங்கிச் சேற்றில் நின்று காருக்குள் தலையை விட்டுத் தேடினோம். குஞ்சு அவருடைய இருக்கைக்குப் பின்னால், டொக்டரின் விலைகூடிய தோலில் இரண்டு இடத்தில் எச்சம் போட்டுவிட்டு, உசாராக நின்றது. அவர் றோட்டில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதேன். பிறகு இருவரும் ஏறிப் பூநகரிவரை போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, முந்தானையை நனைத்து அந்தத் தோலைத் துடைத்தேன்.

காரை எடுக்க வந்த டொக்டர் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். முகம் கொஞ்சம் வாடியது. "முந்தி ஒரு உறுமல் இருந்தது. இப்ப தையல் மெசின் மாதிரி எல்லோ கேக்குது."

"ஓம் ஐயா. அதுதான் பொருந்தினது" என்றார் வீட்டுக்காரர்.

தை பிறந்து சில நாளில் அவர்கள் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டார்கள். சில்லுகளின் காற்றுச் சரிபார்க்க எங்கள் படலையில் கார் நின்றது. அப்போதுதான் அவவை முதல் முறை கிட்டக் கண்டேன். என்னைவிட வயது குறைந்த பெண். வயிறு இறங்கியிருந்தது. தூற்றல் என்பதால் எல்லாம் மூடிப் பொத்தான் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சில்லடியில் குனிந்திருக்க, நான் குசினியிலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, காரடிக்குப் போனேன். என் கையே அந்த மறைப்பின் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டது.

"இதைத் திறந்தபடி விடுங்கோ, தங்கச்சி. நனைஞ்சாலும் பரவாயில்லை."

அவ திகைத்துப்போய் என் கையைப் பார்த்தா. டொக்டரும் பார்த்தார். "விடும், திறந்து கிடக்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னார். கார் ஆனையிறவுப் பக்கம் போனது. சத்தம் மெதுவாக இருந்ததால், போய்விட்டதா இல்லையா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

பதினொரு நாள் ஒரு சேதியும் இல்லை. நான் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் டொக்டர் தனியே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் கதைத்தார். என் வீட்டுக்காரரும் பிரேக்கைப் பற்றியே கதைத்தார். ஆண்கள் எப்படித்தான் அப்படிக் கதைக்கிறார்களோ! கடைசியில், "பொம்பிளைப் பிள்ளை. சுகமா இருக்கு" என்று சொன்னது கேட்டது.

அதோடு பயம் போயிருக்கவேண்டும். போகவில்லை. மிச்சம் பிறந்தாப் பிறகுதான் தெரியும் என்றாரே. என்ன தெரியும், எப்போது தெரியும் என்று யாரைக் கேட்பேன்?

தாயும் பிள்ளையும் மூன்றாம் மாதம் றெயிலில் வந்தார்கள். அந்தக் காரில் அவ பிறகு ஏறவேயில்லை. ஒரு பகல் நேரம் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. அந்த மண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "ஒருக்கா வைச்சிருங்கோ அக்கா, கால் கழுவிக்கொண்டு வாறன்" என்று பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனா.

பிள்ளை நித்திரை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் கறுப்புப் பொட்டு. உதடு சிவப்பு. எல்லாப் பிள்ளைகளின் உதடும் சிவப்புத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கப் பார்க்க, டொக்டர் சொன்ன அந்தச் செக்கச்செவேல் என்ற உதடுதான் நினைவுக்கு வந்தது. மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. அது போதவில்லை. காதடியில் மெல்லக் கூப்பிட்டேன். அசையவில்லை. பிள்ளையின் உள்ளங்காலை நகத்தால் சுண்டினேன். பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, முகம் கோணி, வீடு அதிரக் கத்தியது. கையையும் காலையும் உதறி, என் தாலிக்கொடியை எட்டிப் பிடித்து இழுத்தது. நல்ல பிடி.

"என்னக்கா, நல்ல நித்திரையெல்லே கொண்டது, ஏன் எழும்பினது?" என்று கேட்டபடி தாய் ஓடி வந்தா.

"தெரியேல்லை" என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தேன். அது தாயின் தோளில் கிடந்தும் விடாமல் கத்தியது. நான் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனேன்.